மதகுக் கண்ணில் மரம் சிக்கும்போது: அணைப் பணிக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அணையின் கட்டுப்பாட்டு அறையில் ஓர் அட்டவணை இருக்கும். நீர்மட்டம் இவ்வளவு, ஷட்டர் திறப்பு இவ்வளவு என்றால் விநாடிக்கு இவ்வளவு தண்ணீர் வெளியேறும் என்று அது சொல்லும். பணியில் சேர்ந்ததும் முதலில் அதைப் படிக்கத்தான் கற்றுக்கொடுப்பார்கள். ஆனால் அந்த அட்டவணைக்கு எழுதப்படாத ஒரு நிபந்தனை உண்டு: எல்லாக் கண்களும், அதாவது தூண்களுக்கு நடுவே தண்ணீர் வெளியேறும் திறப்புகளும், தடையில்லாமல் இருக்க வேண்டும். வெள்ளத்தோடு மரங்கள் வந்து தூண்களுக்கு நடுவே சிக்கிவிட்டால், அட்டவணையில் உள்ள எண்ணுக்கும் கீழே உண்மையில் போகும் தண்ணீருக்கும் தொடர்பு அறுந்துவிடும். இன்னும் மோசம் என்னவென்றால், அடைப்பால் நீர்மட்டம் ஏற ஏற, 'இன்னும் அதிகம் வெளியேறுகிறது' என்றுதான் அட்டவணை காட்டிக்கொண்டிருக்கும்.

உபரிநீர்ப்போக்கியில், அதாவது ஸ்பில்வேயில், மரம் அடைப்பதைப் பற்றிப் புதியவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். இது குப்பை அள்ளும் வேலை என்று ஒதுக்கப்படுகிறது; உண்மையில் வெள்ளக் கணக்கையே மாற்றிவிடுகிற விஷயம். கீழே உள்ள படிகளை மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே செய்து முடித்துவிட வேண்டும். வெள்ளம் வந்த பிறகு இவற்றில் பாதியைச் செய்யவே முடியாது.

படி 1: மரம் எங்கிருந்து வரும் என்று நடந்து பாருங்கள்

வெள்ளத்தில் வரும் மரங்களுக்கு மூன்று மூலங்கள் உண்டு. மலைச்சரிவில் மண் சரிந்து மரத்தோடு ஆற்றில் விழுவது ஒன்று. கரை அரித்துக் கரையோர மரம் சாய்வது இன்னொன்று. மூன்றாவது, முந்தைய வெள்ளங்களில் வந்து மணல்திட்டிலும் கரையோரத்திலும் ஒதுங்கிக் கிடக்கும் பழைய கட்டைகள். தண்ணீர் உயர்ந்ததும் முதலில் மிதப்பவை இந்தக் கட்டைகள்தான். அதனால்தான் பல ஆறுகளில் வெள்ளம் உச்சத்தை எட்டுவதற்கு முன்பே, தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் கட்டத்திலேயே, மரங்கள் அதிகமாக வருகின்றன. சில நாள் இடைவெளியில் இரண்டாவது வெள்ளம் வந்தால் அதில் மரம் குறைவாக இருப்பதும் உண்டு. முதல் வெள்ளமே ஆற்றைத் துடைத்திருக்கும். புதிதாக மண்சரிவு ஏற்பட்டிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு பொய்த்துப்போகும்.

நடந்து பார்க்கும்போது ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். தொலைவிலிருந்து, பாறை நிறைந்த செங்குத்தான ஆற்றில் உருண்டு வரும் மரம் வழியிலேயே கிளையும் வேரும் ஒடிந்து, பட்டை உரிந்து, குட்டையான கட்டையாகத்தான் வந்து சேரும். ஆற்றின் அகலத்தைவிட நீளமான மரம் பெரும்பாலும் வழியிலேயே மாட்டிக்கொண்டு நின்றுவிடும். நீர்த்தேக்கத்தின் கரையிலேயே நிற்கும் மரத்துக்கு இப்படி எதுவும் நடப்பதில்லை. கரை சரிந்தால் வேர்ப்பந்து, கிளைகள், இலைகள் என முழு உருவத்தோடு மிதந்து நேராக அணைக்கு வரும். அடைப்பைத் தொடங்கிவைப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட முழு மரம்தான். ஆகவே நூறு சதுர கிலோமீட்டர் காட்டைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன், அணைக்கு மேலே கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் சரியும் நிலையில் இருக்கும் மரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உயரத்தைத் தோராயமாக அளந்து, அடிமரச் சுற்றளவோடு எழுதி வையுங்கள்.

மொத்தம் எவ்வளவு மரம் வரலாம் என்பதற்கு ஒரு பழைய அனுபவச் சூத்திரம் இருக்கிறது. ரிக்கென்மான் என்ற ஆய்வாளர் 1997-இல் தந்தது. நீர்ப்பிடிப்புப் பரப்பைச் சதுர கிலோமீட்டரில் எடுத்து, அதன் மூன்றில் இரண்டு அடுக்கை 45-ஆல் பெருக்கினால் மரத்தின் கனஅளவு கனமீட்டரில் கிடைக்கும். 100 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு இது சுமார் 970 கனமீட்டர். உங்கள் காட்டின் வகை, சரிவு, மழை எதுவும் இதில் இல்லை. எனவே வரப்போவது லாரிக் கணக்கா, மலைக் கணக்கா என்று மதிப்பிடுவதற்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: தாறுமாறாகக் குவிந்த மரத்துக்கு நடுவே நிறைய வெற்றிடம் இருக்கும். அணைமுன் தெரியும் குவியல், உள்ளே இருக்கும் கட்டையின் அளவைப்போல இரண்டு முதல் நான்கு மடங்குகூட இருக்கும். எத்தனை வண்டி, எவ்வளவு இடம் வேண்டும் என்று திட்டமிடும்போது இந்தப் பெரிய எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

படி 2: உங்கள் கண்களை நீங்களே அளந்து பாருங்கள்

வரைபடத்தில் இருக்கும் அளவை நம்பி உட்கார வேண்டாம். டேப் எடுத்துக்கொண்டு போங்கள். மூன்று அளவுகள் தேவை.

முதல் அளவு, இரண்டு தூண்களுக்கு நடுவே உள்ள சுத்தமான அகலம். வரக்கூடிய மிக நீளமான மரத்தோடு இதை ஒப்பிடுங்கள். நார்வேயில் 1990-களில் நடந்த மாதிரிச் சோதனைகளிலிருந்து வந்த கட்டைவிரல் விதி இது: கண்ணின் அகலம் மரத்தின் நீளத்தில் குறைந்தது 80 சதவீதமாவது இருந்தால் மரம் பெரும்பாலும் திரும்பிக் கடந்துவிடும். 15 மீட்டர் மரத்துக்கு 12 மீட்டர் கண் வேண்டும். உங்கள் கண் 6 மீட்டர்தான் என்றால், 15 மீட்டர் மரம் நேராக முனையைக் கொடுத்து வந்தால் மட்டுமே தப்பும். குறுக்கே வந்தால் இரண்டு தூணையும் பிடித்துக்கொள்ளும். இதிலும் ஒரு எச்சரிக்கை: இந்த விதி தனியாக வரும் மரத்துக்குத்தான். மரங்கள் கூட்டமாக வரும்போது ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் சிக்கும் வாய்ப்பு நன்றாகவே கூடிவிடும்.

இரண்டாவது, முகட்டுக்கு மேல், அதாவது தண்ணீர் வழிந்து இறங்கும் கண்ணின் அடி விளிம்புக்கு மேல், பாயும் நீரின் ஆழம். வேர்ப்பந்தின் விட்டத்தைவிட இது குறைவாக இருந்தால் வேர் முகட்டில் தட்டி நின்றுவிடும். வெள்ளத்தின் தொடக்கத்தில், முகட்டுக்கு மேல் அரை மீட்டர் ஒரு மீட்டர் மட்டுமே ஓடும் நேரத்தில், இதுதான் நடக்கிறது. மரம் அதிகமாக வருவதும் அதே நேரத்தில்தான் என்பது நமக்குப் பாதகமான பொருத்தம்.

மூன்றாவது, மேலே என்ன இருக்கிறது என்பது. பாலத்தின் அடிப்பகுதி, முழுதாகத் தூக்கிய ஷட்டரின் கீழ் விளிம்பு, குறுக்கே போகும் கேபிள் தட்டு, குழாய் எல்லாவற்றையும் பாருங்கள். உச்சகட்ட வெள்ளத்தின் நீர்மட்டத்திலிருந்து அவை எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று குறியுங்கள். வேர்ப்பந்து தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டுதான் வரும். அது தட்டாமல் போக இடம் வேண்டும். நீர்மட்டமே பாலத்தின் அடியைத் தொட்டுவிட்டால் கதை வேறு. அதுவரை திறந்த முகட்டில் வழிந்த தண்ணீர், அப்புறம் மூடிய துவாரத்தில் பீறிடும் தண்ணீராகிவிடும். முகட்டில் வழியும்போது வெளியேற்றம் நீர் உயரத்தின் ஒன்றரை அடுக்கில் வளர்கிறது; துவாரத்தில் வர்க்கமூலத்தில்தான் வளர்கிறது. மட்டம் ஏறினாலும் வெளியேற்றம் அதற்கேற்பக் கூடாது.

படி 3: அடைத்தால் மட்டம் எவ்வளவு ஏறும் என்று கணக்கிடுங்கள்

இந்தப் படியை யாரும் தாண்டிப் போகக் கூடாது. கைபேசிக் கால்குலேட்டரே போதும்.

திறந்த முகட்டில் வழியும் தண்ணீருக்கான சூத்திரம் எளிது. வெளியேற்றம் = கெழு × முகட்டு நீளம் × நீர் உயரத்தின் ஒன்றரை அடுக்கு. வழக்கமான வளைமுகட்டுக்கு மெட்ரிக் அளவில் கெழு 2.1 அளவில் இருக்கும். கற்பனையாக ஓர் அணையை எடுத்துக்கொள்வோம்: தலா 10 மீட்டர் அகலமுள்ள ஐந்து கண்கள், எல்லா ஷட்டர்களும் முழுதாகத் தூக்கியாயிற்று, முகட்டுக்கு மேல் 3 மீட்டர் தண்ணீர். 2.1 × 50 × 5.2 என்று பெருக்கினால் விநாடிக்கு சுமார் 546 கனமீட்டர். கனஅடியில் சொன்னால் சுமார் 19,300. உள்ளே வருவதும் அவ்வளவே என்று வைத்துக்கொள்வோம். மட்டம் அசையாமல் நிற்கிறது.

இப்போது இரண்டு கண்கள் முழுதாக அடைபட்டுவிடுகின்றன. மிச்சம் 30 மீட்டர் முகடு. அந்தக் கணத்தில் வெளியேற்றம் 327 கனமீட்டராக விழுந்துவிடும். மீதி 219 கனமீட்டர் நீர்த்தேக்கத்தில் சேரத் தொடங்கும். வரத்து அப்படியே தொடர்ந்தால், 30 மீட்டர் முகட்டின் வழியே 546 கனமீட்டர் போக எவ்வளவு உயரம் வேண்டும்? 4.2 மீட்டர். அதாவது மட்டம் 1.2 மீட்டர் ஏறும். அணையின் மேல்தளம் வரை 1.5 மீட்டர் இடைவெளி இருந்திருந்தால் இப்போது 30 சென்டிமீட்டர்தான் பாக்கி. அலை அடித்தாலே மேலே வந்துவிடும்.

மூன்று கண்கள் அடைபட்டால்? தேவைப்படும் உயரம் 5.5 மீட்டர். அணைக்கு மேலேயே தண்ணீர் வழியும் நிலை அது. கவனியுங்கள்: பத்தில் ஒரு பங்கு முகடு அடைபட்டால் மட்டம் 20 சென்டிமீட்டர் சொச்சம்தான் ஏறுகிறது. ஐந்தில் இரண்டு பங்கு அடைபட்டால் 1.2 மீட்டர். ஐந்தில் மூன்று பங்கு என்றால் 2.5 மீட்டர். முதல் அடைப்பு பெரிதாகத் தெரியாது. 'போன தடவையும் கொஞ்சம் மரம் சிக்கியது, ஒன்றும் ஆகவில்லையே' என்று சொல்பவர்கள் இந்த வளைவின் தட்டையான பகுதியை மட்டும் பார்த்தவர்கள்.

அட்டவணை இங்கே என்ன சொல்லும் என்றும் பாருங்கள். மட்டம் 4.2 மீட்டர் என்று அளவுகோல் காட்டுகிறது, ஐந்து கண்களும் திறந்திருக்கின்றன என்று பதிவேடு சொல்கிறது. அட்டவணைப்படி வெளியேற்றம் 909 கனமீட்டர். உண்மையில் போவது 546. இந்த 909-ஐ வைத்துத்தான் கீழே உள்ள ஊர்களுக்கு எச்சரிக்கை போகும். இதே எண்ணை வைத்துத்தான் வரத்தையும் பின்னோக்கிக் கணக்கிடுவார்கள். வராத தண்ணீரை வந்ததாக எழுதுவோம். பிறகு அடைப்பு திடீரென்று உடைந்து கண்கள் திறந்துகொண்டால், ஏறிய மட்டத்தில் ஐந்து கண்களும் ஒரே நேரத்தில் பாயும்போது அந்த 909 நிஜமாகவே கீழே போகும். கீழே இருப்பவர்களுக்கு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வரும் தண்ணீர் அது.

எவ்வளவு அவகாசம் இருக்கிறது என்பது நீர்த்தேக்கத்தின் பரப்பைப் பொறுத்தது. மேலே சொன்ன இரண்டு கண் அடைப்பில், நீர்ப்பரப்பு 2 சதுர கிலோமீட்டர் என்றால் முதல் அரை மீட்டர் ஏற ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். 0.2 சதுர கிலோமீட்டர் மட்டுமே என்றால் பத்து நிமிடத்துக்குள் ஏறிவிடும். பெரிய நீர்த்தேக்கத்துக்காக எழுதப்பட்ட அவசர நடைமுறையைச் சிறிய அணையில் அப்படியே ஒட்டிவைப்பது ஏன் ஆபத்து என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

மரக்குவியல் சுவர் அல்ல, இடுக்குகளின் வழியே தண்ணீர் கசியும்; ஆகவே முழு அடைப்பு என்று எடுப்பது சற்று மிகையான கணக்குதான். ஆனாலும் திட்டமிடும்போது அப்படித்தான் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்பதற்குப் பதில் அடுத்த படியில் இருக்கிறது.

படி 4: அடைப்பு எப்படிக் கட்டமைகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

முதலில் ஒரு நீண்ட மரம். வேர்ப்பக்கம் ஒரு தூணில் இடிக்கிறது, நுனி சுழன்று அடுத்த தூணில் சாய்கிறது. தண்ணீர் அதன்மேல் ஏறி வழிகிறது, அடியிலும் போகிறது. பார்ப்பதற்குப் பெரிய தொந்தரவாகத் தெரியாது. அடுத்து வரும் மரங்களில் சில அதைத் தாண்டிப் போய்விடும், ஒன்று அதன் கிளையில் மாட்டும். இப்போது கண்ணின் அகலம் பாதியாகிவிட்டதால், முன்பு எளிதாகக் கடந்திருக்கக்கூடிய குட்டைக் கட்டைகளும் சிக்கத் தொடங்கும். பத்துப் பதினைந்து கட்டைகள் சேர்ந்ததும் ஒரு சல்லடை உருவாகிவிடும். அப்புறம் சுள்ளி, மூங்கில், நாணல், ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக், கடைசியில் இலை. இந்த இலைதான் சல்லடையை மூடுகிறது. பருமனான கட்டைகள் மட்டும் இருந்தால் தண்ணீர் ஓரளவு ஊடுருவும். இலையும் புல்லும் இடுக்குகளை நிரப்பிய பிறகு நீர்மட்டம் சட்டென்று ஏறும். அதனால்தான் கணக்கில் முழு அடைப்பையே எடுங்கள் என்கிறேன்.

அடைப்பின் வடிவத்தை ஓட்டத்தின் வேகம் தீர்மானிக்கிறது. ஆழமான, மெதுவான நீர்த்தேக்கத்தில் மரங்கள் ஒரே அடுக்காகப் பாய் விரித்தாற்போல மிதந்துகொண்டு நிற்கும். அந்தப் பாயின் அடியில் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், மட்டம் அதிகம் ஏறாது. ஆழம் குறைந்து வேகம் கூடினால், பின்னால் வரும் மரங்களை ஓட்டம் இழுத்து முன்னால் உள்ளவற்றின் அடியில் செருகும். அப்போது பாய் மூட்டையாகி, முகடு வரை இறங்கும். வண்டல் படிந்து ஆழம் குறைந்த நீர்த்தேக்கங்களில் அடைப்பு மோசமாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

உலகில் இது எப்படி முடிந்தது என்பதற்கு இரண்டு சம்பவங்கள். சுவிட்சர்லாந்தின் தெற்கே மெலெட்சா ஆற்றில் பாலன்யேத்ரா என்று 72 மீட்டர் உயர கான்கிரீட் அணை இருக்கிறது. அதன் முகட்டில் சுமார் 5 மீட்டர் அகலத்தில் 13 கண்கள், மேலே பாலம். 1978 ஆகஸ்ட் வெள்ளத்தில் சுமார் 25,000 கனமீட்டர் மரம் வந்து கண்களை அடைத்தது. தண்ணீர் அணைக்கு மேலேயே வழிந்தது. அணை நின்றது. பிறகு அவர்கள் செய்த திருத்தம்தான் பாடம்: முகட்டின் மேலிருந்த பாலத்தையும் தூண்களையும் எடுத்துவிட்டு, மரம் தடையின்றிப் போகும்படி முகட்டைத் திறந்துவிட்டார்கள்.

இரண்டாவது, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் புளூ எர்த் ஆற்றில் உள்ள ராப்பிடன் அணை. 1910-இல் கட்டி முடித்தது. 2024 ஜூன் வெள்ளத்தில் மரங்களும் குப்பையும் அணைமுன் குவிந்தன. ஜூன் 24 அன்று ஆறு அணையின் மேற்குப் பக்கக் கரையை அரித்துக்கொண்டு சுற்றிப் போகத் தொடங்கியது. கான்கிரீட் உடல் நின்றது. பக்கத்துக் கரை போய்விட்டது. கரையோரத் துணைமின் நிலையம் அடித்துப் போயிற்று, மறுநாள் ஒரு வீடு ஆற்றில் விழுந்தது. உங்கள் அணையில் மட்டம் வழக்கத்தைவிட ஒரு மீட்டர் ஏறினால் தண்ணீர் முதலில் எங்கே வழியும் என்று பாருங்கள். அந்த இடம் மண் கரையாக இருந்தால் உங்கள் பலவீனம் அங்கேதான் இருக்கிறது.

படி 5: மழைக்காலத்துக்கு முன்

கரையோரம் ஒதுங்கிக் கிடக்கும் கட்டைகளை, மட்டம் தாழ்வாக இருக்கும்போதே அப்புறப்படுத்துங்கள். வறண்ட நிலத்தில் எடுப்பது மலிவு, பாதுகாப்பும்கூட. அதற்காக மேலே ஆறு முழுவதையும் மொட்டையடிக்க வேண்டாம். ஆற்றில் கிடக்கும் மரம் மீனுக்கும் பூச்சிக்கும் உறைவிடம். கரையோர மரங்களின் வேர்தான் கரையைப் பிடித்து நிறுத்துகிறது. அவற்றை வெட்டினால் அடுத்த வெள்ளத்தில் கரையே வந்து சேரும்.

மிதவைத் தடுப்பு, அதாவது லாக் பூம், இருந்தால் அதன் ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். அது ஆற்றுக்குக் குறுக்கே செங்கோணமாக இல்லாமல் சாய்வாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். அப்போதுதான் மரங்கள் வழுக்கிக்கொண்டு ஒரு கரையில், நாம் அள்ளி எடுக்கும் இடத்தில் சேரும். நங்கூரம் நீர்மட்டத்தோடு ஏறி இறங்க வேண்டும். தாழ்ந்த மட்டத்துக்கு இறுக்கிக் கட்டிய தடுப்பு, வெள்ளத்தில் தண்ணீருக்கடியில் போய்விடும். ஓட்டம் விநாடிக்கு சுமார் ஒரு மீட்டரைத் தாண்டும் இடத்தில் மிதவைத் தடுப்பை நம்ப முடியாது, மரம் அடியில் நுழைந்து போய்விடும். தடுப்பு வெள்ளத்தின் உச்சத்தில் அறுந்தால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள். அதுவரை பிடித்து வைத்த எல்லா மரமும் ஒரே கூட்டமாக ஸ்பில்வேக்கு வரும். கூட்டமாக வரும் மரம்தான் அடைக்கும். பலவீனமான தடுப்பைவிடத் தடுப்பே இல்லாமல் இருப்பது மேல்.

ஷட்டர்களை அடி முதல் முடி வரை ஒருமுறை முழுதாகத் தூக்கிப் பாருங்கள். 'எப்போதும் இரண்டு மீட்டர்தான் தூக்குவோம்' என்ற பழக்கத்தில், கடைசி மீட்டருக்கு ஏறவே ஏறாத ஷட்டர்கள் உண்டு. மரம் கடப்பதற்குத் தேவை அந்தக் கடைசி மீட்டர்தான். மின்சாரம் போனால் தூக்க ஜெனரேட்டர் ஓடுகிறதா என்பதும் இதே நாளில் முடிய வேண்டிய வேலை. நீண்ட கையுள்ள கிராப் இயந்திரம் எங்கிருந்து வரும், வந்தால் எங்கே நிற்கும், அந்த எடையை மேல்தளம் தாங்குமா, எடுத்த மரத்தை எங்கே போடுவது என எல்லாவற்றுக்கும் பெயரும் இடமும் எழுதிய ஒரு தாள் வேண்டும்.

படி 6: வெள்ளம் வந்தபின்

உங்கள் அணையின் இயக்க விதிகள் அனுமதித்தால், எல்லா ஷட்டர்களையும் கொஞ்சம் கொஞ்சம் திறப்பதைவிடச் சிலவற்றை முழுதாகத் திறப்பது நல்லது. பாதி திறந்த ஷட்டருக்கடியில் ஓட்டம் மரத்தைக் கீழே உறிஞ்சும். விளிம்புக்கும் முகட்டுக்கும் நடுவே அது ஆப்புப்போல இறுகிவிட்டால் ஷட்டரை ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. முழுதாகத் தூக்கிய ஷட்டரில் அந்தப் பிடிப்பே இல்லை. ஆனால் ஒரு ஓரத்துக் கண்களை மட்டும் திறந்தால் கீழே உள்ள அடிப்பள்ளத்தில் ஓட்டம் ஒருபுறமாகச் சுழன்று தளத்தை அரிக்கலாம். எந்தக் கண்களை, எந்த வரிசையில் என்பதை வெள்ளத்துக்கு முன்பே வடிவமைப்புப் பொறியாளரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாகக் கண்ணால் பார்த்து, மணிக்கொருமுறையாவது, எத்தனை பங்கு அடைபட்டிருக்கிறது என்று பதிவேட்டில் எழுதுங்கள். சுத்தம், கால், அரை, முழுது என்ற அளவில் இருந்தால் போதும். இரவில் வெளிச்சம் வேண்டும். ஒவ்வொரு கண்ணிலும் தண்ணீர் வழியும் வடிவம் எப்படி மாறியிருக்கிறது என்று விளக்கடித்துப் பாருங்கள். பக்கத்துக் கண்ணைவிட ஒரு கண்ணில் நீர்த்தாரை மெலிந்திருந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. அடைபட்ட நீளத்தைக் கழித்துவிட்டு வெளியேற்றத்தைக் கணக்கிடுங்கள். அட்டவணை எண்ணையும் திருத்திய எண்ணையும் இரண்டு பத்தியாக எழுதி, கீழே எச்சரிக்கை அனுப்புபவர்களுக்கு இரண்டையும் சொல்லுங்கள். கீழ்ப்பக்க ஆற்றில் உள்ள அளவுகோலோடு சரிபார்ப்பதுதான் கடைசி நீதிபதி. மேலே மட்டம் ஏறியும் கீழே அளவு ஏறவில்லை என்றால் அடைப்பு உறுதி.

மேல்மட்ட அளவுகோல் எங்கே பொருத்தியிருக்கிறது என்பதும் முக்கியம். மரக்குவியலுக்கும் முகட்டுக்கும் நடுவே அது இருந்தால், குவியலுக்கு மேலே ஏறியிருக்கும் உண்மையான மட்டத்தைவிடக் குறைவாகக் காட்டும். குவியலுக்கு அப்பால் கரையோரம் ஒரு சாதாரண அளவுக்கட்டையாவது நட்டு வையுங்கள்.

இனி பாதுகாப்பு. மிதக்கும் மரப்பாய் கெட்டியான தரைபோலத் தெரியும். அதன்மேல் யாரும் கால் வைக்கக் கூடாது, கயிறு கட்டிக்கொண்டும் கூடாது. திறந்த கண்ணுக்கு மேலே படகு கூடாது. தூணுக்கு நடுவே இறுகிய மரத்தை ஓட்டம் இருக்கும்போது ரம்பத்தால் அறுக்க ஆள் இறக்கக் கூடாது. வளைந்து முறுக்கேறி நிற்கும் மரம் அறுபட்ட கணத்தில் எந்தப் பக்கம் அடிக்கும் என்று அனுபவசாலிகளாலும் சொல்ல முடியாது. எடுப்பதாக இருந்தால் மேல்தளத்திலிருந்து இயந்திரம், அல்லது ஓட்டம் தணியும்வரை காத்திருப்பு. இடையில் மட்டம் ஆபத்தான அளவை நெருங்கினால் மேலதிகாரியிடம் சொல்ல வேண்டியது 'மரத்தை எடுக்க முயல்கிறோம்' என்பதல்ல. 'இத்தனை கண்கள் இல்லை, மட்டம் இந்நேரத்துக்குள் இந்த அளவைத் தொடும், கீழே மக்களை நகர்த்துங்கள்' என்பது. படி 3-இல் போட்ட கணக்கு கையில் இருந்தால்தான் இந்த வாக்கியத்தைச் சொல்ல முடியும்.

படி 7: நிரந்தரத் தீர்வைப் பற்றிப் பேசும்போது

கூட்டங்களில் இரண்டு கட்சி இருக்கும்: மரத்தைக் கடத்திவிடுவோம் என்பவர்கள், மேலேயே பிடித்துவிடுவோம் என்பவர்கள். கீழே குறுகிய பாலங்களும் ஊர்களும் இல்லையென்றால் கடத்திவிடுவதே சிறந்தது என்று நான் நினைக்கிறேன். அதற்குக் கண்களை அகலமாக்க வேண்டும், தேவையற்ற பாலத்தை எடுக்க வேண்டும், அல்லது ஒரு தூணைத் தியாகம் செய்ய வேண்டும். கீழே பாலங்கள் இருந்தால், நாம் கடத்திவிட்ட மரம் அங்கே போய் அதே அடைப்பை ஊருக்கு நடுவே உண்டாக்கும். அப்போது பிடித்து வைப்பதுதான் சரி. 2017 ஜூலையில் ஜப்பானின் வடக்குக் கியூஷூ வெள்ளத்தில் தெராவுச்சி அணையின் நீர்த்தேக்கம் பெருமளவு மரத்தைத் தன்னிடமே நிறுத்திக்கொண்டது. அவ்வளவும் கீழே போகாமல் நின்றது.

பிடிப்பதென்று முடிவானால், தடுப்புக் கம்பிகளை முகட்டுக்கு ஒட்டி வைக்காதீர்கள். முகட்டிலிருந்து தள்ளி, ஆழமும் அகலமும் உள்ள இடத்தில் வைத்தால் மரம் அங்கே நிற்க, தண்ணீர் அடியில் நுழைந்து முகட்டுக்குப் போகும். தூண்களின் மூக்கை மேல்பக்கமாக நீட்டிக் கட்டுவதும் இதே தத்துவம்தான். மரம் முகட்டைத் தொடாமல் முன்னாலேயே நின்றுவிட்டால் மட்டம் ஏறுவது வெகுவாகக் குறைகிறது. மின்நிலையத்துக்குப் போகும் வாயில் கம்பிகள், அடிமதகு ஆகியவற்றையும் மறக்க வேண்டாம். நீரில் ஊறி மூழ்கும் மரம் அங்கேதான் போகும்.

வெள்ளம் வடிந்ததும் மரத்தை அள்ளிக் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். குவியலைக் கலைப்பதற்கு முன் ஒரே இடத்திலிருந்து படம் எடுங்கள். மிக நீளமான இருபது முப்பது மரங்களின் நீளம், விட்டம், வேர் இருக்கிறதா இல்லையா, எந்தக் கண்ணில் கிடந்தது என்று எழுதுங்கள். முதலில் சிக்கிய மரம் பெரும்பாலும் குவியலின் அடியில், தூணை ஒட்டிக் கிடக்கும்; அதைத் தேடி அளந்து வையுங்கள். பிறகு தூண் மூக்கில் கான்கிரீட் பெயர்ந்திருக்கிறதா, ஷட்டரின் கைகள் வளைந்திருக்கின்றனவா, ரப்பர் சீல் கிழிந்திருக்கிறதா, மிதவைத் தடுப்பின் நங்கூரம் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிரான்சில் ரோன் ஆற்றின் ஜெனிசியா அணையில் சேரும் மரங்களை எடுத்துப் பதிவு செய்யும் வழக்கம் இருப்பதால், எந்த வெள்ளத்தில் எவ்வளவு மரம் வரும் என்பதை ஆய்வாளர்களால் அங்கே படிக்க முடிந்தது. உங்கள் பதிவேட்டில் அப்படி நான்கைந்து வெள்ளங்களின் கணக்கு சேர்ந்துவிட்டால், படி 1-இல் சொன்ன பொதுச் சூத்திரத்தைத் தூக்கி வைத்துவிட்டு உங்கள் ஆற்றின் எண்ணையே பயன்படுத்தலாம்.